மூன்றாவது நகல்

“இதுல தேதி போடலையே” என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார் வான்காவல் இயக்குநர்.

அமைச்சரின் செய்தித் தொடர்பாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே வேற்று நாட்டு உளவு பலூன். காலையிலிருந்து நகரமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுட்டு வீழ்த்த இந்த மனிதரின் ஒரு கையெழுத்து வேண்டும். நான்கு மணிக்கு அமைச்சர் டி.வி.யில் பேசுவதற்குள் அது விழுந்தாக வேண்டும். இவரோ தேதியைத் தேடிக்கொண்டிருக்கிறார்!

தொடர்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு தேதியை எழுதினார்.

மேசை மேலிருந்த ஸ்பீக்கரில் ராடார் அறைப் பெண் அதிகாரியின் குரல் வந்தது. “சார், கட்டம் எட்டு.”

“ம்” என்ற இயக்குநர், எதிரே விரித்திருந்த, கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காகிதத்தை மறுபடி எடுத்தார்.

“‘பலூன்’னு அடிச்சிருக்கீங்க. விதிப்படி ‘அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்’னு வரணும்.”

“அதான் அடையாளம் தெரிஞ்சு போச்சே சார்! ‘எங்களுதுதான், காத்துல வழி தவறி வந்துடுச்சு’ன்னு அந்த நாட்டுக்காரங்களே கூசாம அறிக்கை விட்டுட்டாங்க.”

“அப்படியா? தெரிஞ்ச பொருளுக்கு வேற படிவம் இருக்கு. நீலக் கலர்ல இருக்கும், கீழ்த்தளத்துல கேளுங்க.”

ஆளை அப்படியே ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடலாமா என்றிருந்தது தொடர்பாளருக்கு. கீழே ஓடினார். படியிறங்கும்போது மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, எல்லாரும் மொட்டை மாடியிலதான் நிக்கறோம். வெள்ளையா, நேரா நம்ம தலைக்கு மேல இருக்கு!”

“அங்கேயே இரு. இப்ப சுட்டுத் தள்ளப் போறோம். பாப்பாவையும் தூக்கிக் காட்டு” என்றார் பெருமையாக.

நீலப் படிவத்தை நிரப்பிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தபோது ஸ்பீக்கர், “கட்டம் பத்து” என்றது. இயக்குநர் இன்னொரு புள்ளி வைத்துவிட்டுப் படிவத்தைப் புரட்டினார்.

“ரெண்டு நகல்தான் இருக்கு. மூணு வேணும்.”

அதற்குள் அமைச்சரே போனில் வந்துவிட்டார். முகத்துக்குப் பவுடர் போட்டபடி பேசினார் போலிருக்கிறது, நடுநடுவே தும்மினார்.

“யோவ், எதிரி நம்ம வீட்டு மாடியில உக்காந்து உள்ள எட்டிப் பாக்கறான். நீ எழுத்துப்பிழை பாத்துட்டு இருக்கியா?”

“விதி அப்படிங்க ஐயா. மூணாவது நகல் வந்ததும் போட்டுடறேன்.”

“நாளைக்கு அந்த நாற்காலியில நீ இருக்க மாட்ட.”

“சரிங்க ஐயா.”

சூடு சொரணை கிடையாதா இந்த ஆளுக்கு என்று நினைத்துக்கொண்டே நகல் இயந்திரத்துக்கு ஓடினார் தொடர்பாளர். அது வெற்றுக் காகிதத்தை மென்று விழுங்கிவிட்டுச் சிவப்பு விளக்கு காட்டியது. கொண்டுபோன இரண்டு நகலோடு மட்டும் திரும்பினார்.

“சார், மிஷின் மக்கர்...”

“கட்டம் பதிமூணு, சார்!” என்றது ஸ்பீக்கர்.

இயக்குநர் சட்டென்று பேனாவைத் திறந்தார். இருந்த இரண்டு நகலிலும் கையெழுத்துப் போட்டார். அதே கையோடு விமானிகளுக்கு உத்தரவும் கொடுத்தார். ஐந்தே நிமிடத்தில் பலூன் விழுந்தது.

“ஒரு நொடிகூடத் தயங்காமல் எதிரிக்குப் பாடம் புகட்டினோம்” என்று நான்கு மணிக்கு முழங்கினார் அமைச்சர்.

நான்கரை மணிக்கு இயக்குநரைப் பணியிடை நீக்கம் செய்யும் உத்தரவு வந்தது. ‘தேசப் பாதுகாப்பில் மன்னிக்க முடியாத தாமதம்’ என்ற வரி தொடர்பாளரே ரசித்து எழுதியது. இயக்குநர் வாசித்தார், பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட்டார், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தொலைந்தது சனியன் என்று அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டார் தொடர்பாளர்.

ராடார் அறைப் பெண் அதிகாரி உள்ளே வந்து ஒரு போட்டோவை நீட்டினாள். வறண்ட ஏரி. நடுவில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம். அதற்குள் லாரி அளவில் ஓர் இரும்புச் சட்டம், நசுங்கிக் கிடந்தது.

“பலூனுக்கு அடியில இவ்ளோ பெரிசா தொங்கிச்சா!” தொடர்பாளர் வாயைப் பிளந்தார். “நல்லவேளை, ஆளில்லாத இடத்துல விழுந்துச்சு. நம்ம அதிர்ஷ்டம்.”

“அதிர்ஷ்டமா?” அவள் வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினாள். “எட்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் எல்லாக் கட்டமும் நகரம் சார். பதிமூணுதான் ஏரி.”

“அதை... அதை அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?”

“காலையிலயே சொன்னார். ‘பயந்தாங்கொள்ளி’ன்னு திட்டிட்டு அமைச்சர் போனை வெச்சுட்டார். மாட்டேன்னு சொல்லியிருந்தா அந்த நிமிஷமே வேற ஆளை உக்கார வெச்சுக் கையெழுத்து வாங்கியிருப்பீங்க. அதான் அது ஊரைத் தாண்டற வரைக்கும் உங்களை அலைய விட்டார்.”

தொடர்பாளரின் போன் அடித்தது. மனைவி.

“என்னங்க நீங்க! நானும் பாப்பாவும் மாடியில நின்னு கழுத்து வலிச்சதுதான் மிச்சம். நேரா எங்க தலைக்கு மேல இருந்தப்பவே சுட்டிருந்தா எவ்ளோ நல்லா தெரிஞ்சிருக்கும்! கையெழுத்துப் போடாம இழுத்தடிச்சாராமே, யாருங்க அந்தக் கையாலாகாத மனுஷன்?”