நான்கு நிமிட இருட்டு

தூத்துக்குடியில் யாராவது இறந்தால், முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வீட்டுச் சுவரில் அவருடைய படம் ஓடும். வாழ்நாள் முழுக்கக் கண்ணில் போட்டிருந்த லென்ஸ் எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கும். அதில் எந்த நாள், எந்த நேரம், எத்தனை நிமிடம் என்று அவரே சாகும் முன் பட்டியல் எழுதிவைத்துவிடுவார். அந்தப் பட்டியலுக்கு மூலக் காட்சிகளைத் தேடிப் பொருத்துவதுதான் பிலோமினாவின் வேலை.

கணவன் சூசையின் பட்டியலுக்கும் அவளே உட்கார்ந்தாள். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். பதினேழு காட்சிகளில் பதினாறு பொருந்தின. கடைசி வரியில் 'மூலம் இல்லை' என்று வந்தது.

தேதியை இன்னொரு முறை படித்தாள். ஒரே ஒரு பகல் உயிரோடிருந்த மகளைச் சூசை கையில் வாங்கிய நாள் அது. அந்தப் பதிவையே போட்டுப் போட்டுப் பார்த்து மனுஷன் உடைந்துபோவானே என்று பயந்து, அந்த வாரமே அவனுக்குத் தெரியாமல் இதே விரல்களால் அழித்திருந்தாள். அவன் ஒருநாளும் கேட்டதில்லை. மறந்துவிட்டான் என்றே இருபது வருடம் நினைத்திருந்தாள்.

காட்சி கிடைக்காவிட்டால் அதே நீளத்துக்கு இருட்டை வைக்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். நான்கு நிமிடம் வைத்தாள்.

முப்பதாம் நாள், சுவர் இருண்டபோது மாமியார் மெல்லக் கேட்டார். "என்னம்மா, படம் நின்னுபோச்சா?"

"இல்ல மாமி," என்றாள் பிலோமினா, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."