வெள்ளையடிக்காத வீடு

கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டது. மாதா கோயில் தெருவில் எல்லா வீடும் சுண்ணாம்பு பூசிப் பளிச்சென்று நிற்க, செல்லம்மா வீடு மட்டும் அழுக்குச் சுவரோடு நின்றது.

புருஷன் ஞானதாஸ் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துவிட்டுக் கெஞ்சிப் பார்த்தான். செல்லம்மா வெள்ளையடிக்கும் மட்டையைத் தொடவே விடவில்லை. சுவர் முழுக்கக் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதை இடிக்கக் கூடாதாம்.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். செல்லம்மாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஓடியும் குழந்தை இல்லை. ஊர் சிரிக்க வேறென்ன வேண்டும்?

எல்லாரையும்விட அதிகம் சிரித்தவள் பின்பக்கத்துக் கொல்லைக்காரி பூவாயி. கிணற்றடியில் எல்லார் முன்னாலும், "இன்னா செல்லம்மா, தொட்டிலுக்குப் பொடவை எடுத்து வெச்சிட்டியா?" என்று கேட்டாள். நாலு பெற்றவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். செல்லம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பூவாயிக்கும் அந்த வருஷம் ஒரு கவலை இருந்தது. குத்தகைக் கொல்லையில் போட்ட மக்காச்சோளத்தில் பச்சைப்புழு விழுந்துவிட்டது. மருந்துத் தூளுக்கு அச்சரப்பாக்கம் போக வேண்டும். கையில் காலணா இல்லை. சோளம் போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் போச்சு.

ஆனால் சோளம் போகவில்லை. புழு மெல்ல மெல்லக் குறைந்தது. களை பிடுங்கும்போதுதான் பூவாயி அதைப் பார்த்தாள். ஒரு குளவி புழுவைக் கவ்விக்கொண்டு நேரே செல்லம்மா வீட்டுச் சுவருக்குப் பறந்தது. பின்னாலேயே இன்னொன்று. கூட்டுக்குள் வளரும் குஞ்சுக்கு அதுதான் தீனி.

அறுவடையானதும் பூவாயி முதல் கூடைக் கதிரைச் சுமந்துகொண்டு செல்லம்மா வாசலில் போய் நின்றாள்.

"உன் வூட்டுக் குளவிதான் என் வெள்ளாமையைக் காப்பாத்திச்சு. வாய்க்கொழுப்புல பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத. நீ ஆசைப்பட்ட மாதிரி உங்க ஏசு சாமி உனக்கு ஒரு புள்ளையக் குடுக்கணும்."

செல்லம்மா கூடையை வாங்கி இறக்கி வைத்தாள்.

"எனக்குப் பொறக்காதுன்னு செங்கல்பட்டு டாக்டரம்மா எப்பவோ சொல்லிட்டாங்க, பூவாயி."

பூவாயிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்போ எதுக்கு இந்தக் கூட்டையெல்லாம் இடிக்காம வெச்சுக்கினு கீற?"

"அதுங்க உன் கொல்லையிலேர்ந்து புழு தூக்கினு வர்றதை சுண்ணாம்பு கரைச்சப்பவே பார்த்துட்டேன். எனக்குத்தான் பொறக்கலை, பொறந்த உன் புள்ளைங்களாவது பட்டினி கெடக்கக் கூடாதுல்ல?"