கிளம்பாத டிராக்டர்

கிர்கிஸ்தானின் நாரின் சந்தையில் பார்த்த மூன்றாவது பழைய டிராக்டரும் கைக்கு எட்டும் விலைதான். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. சுயோர்குல் உதட்டைப் பிதுக்கினான். "வேணாம்."

மனைவி ஜிபாருக்குத் தலை வெடித்தது. இந்த வாரம் புல் அறுக்காவிட்டால் பனிக்காலத்தில் மாடுகள் பட்டினி. அவனோ மூலையில் கிடந்த நாலாவது டிராக்டரிடம் போய் நின்றான்.

"ஏங்க, அந்தத் துருப்பிடிச்ச சனியனையா பார்க்கறீங்க? அது கிளம்பவே மாட்டேங்குதே!"

விற்பவர் அவனை ஓரமாக அழைத்து, ஸ்க்ரூடிரைவரை எங்கே வைத்தால் கிளம்பும் என்று காதில் சொன்னார். அங்கே வைத்ததும் கிளம்பியது. உடனே கை குலுக்கிவிட்டான்.

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"போன வருஷ டிராக்டர் நல்லாத்தானே கிளம்புச்சு? உன் அண்ணனுங்க அஞ்சு பேரும் இரவல் வாங்கி, ஓட்டியே உடைச்சாங்க. நம்ம புல்லு மழையில அழுகுச்சு. சொந்தக்காரங்க கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுதா?"

சுயோர்குல் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இந்தத் தடவை வந்தாங்கன்னா, தாராளமா எடுத்துக்கச் சொல்லு."