ஐந்து கட்டை

தீவின் பத்துபஸ்தி பகுதியில் மத்தியான மழை விட்டிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம், கூடத்தில் திறந்து கிடக்கும் பழைய மிதி ஆர்மோனியத்தின் மேல் விழுகிறது. உப்புக் காற்றில் களிம்பேறிய, ஸ்வரம் எழுப்பும் பித்தளை நாக்குகளைத் துலக்கி வரிசையாக மாட்டியிருக்கிறாள் பவானி, பக்கத்து டாலிகஞ்சிலிருந்து பழுது பார்க்க வந்தவள். மிச்சம் ஒன்றுதான்: ஆண் குரலுக்கான தாழ்ந்த சுருதி, ஒரு கட்டை. முப்பது வருஷமாக வீட்டுக்காரர் ஸ்ரீதர், கோயில் பஜனையில் பாடிய சுருதி அது. போன வருஷம் சென்னையில் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குக் குரல் இல்லை. வாசிக்கவாவது செய்யலாம் என்று இதை வாங்கியிருக்கிறார். "மிதிங்க அண்ணா," என்கிறாள் பவானி. துருத்தி உப்புகிறது, கட்டை ஒலிக்கிறது. அவர் விரலை மேலே காட்டுகிறார். "இன்னும் தோடா, கொஞ்சமே கொஞ்சம் ஏத்தணுமா? நுனி ஏற்கெனவே மெலிசு. ஒடைஞ்சா வேற நாக்கு இல்ல." விரல் இறங்கவில்லை. பவானி மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனியை அரத்தால் இரண்டே முறை தேய்க்கிறாள். தாழப் போகும் விமானத்தின் இரைச்சல் அடங்கும்வரை இருவரும் காத்திருக்கிறார்கள். மறுபடி மிதிக்கிறார். நாதம் சுத்தமாக நிற்கிறது. பழக்கத்தில் ஸ்ரீதரின் வாய் திறக்கிறது, பிறகு மூடிக்கொள்கிறது. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும் அவர் மனைவி ஜெயலட்சுமி, ஒருநாளும் அவர் முன்னால் பாடாதவள், அவர் பாடிவந்த பஜனையின் முதல் வரியை எடுக்கிறாள். அந்தச் சுருதி அவளுக்கு ரொம்பத் தாழ்வு. குரல் அடியில் தடுமாறி நிற்கிறது. ஸ்ரீதர் ஒரு கட்டையிலிருந்து விரலை எடுத்து, அவள் குரலுக்கு ஏற்ற ஐந்து கட்டையில் வைத்து மிதித்தபடி, வாசலைப் பார்த்துத் தலையசைக்கிறார். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முதலிலிருந்து பாடுகிறாள்.