கேட்டைத் தாண்டாத பெயர்

செல்போன் செயலிகளுக்கு ப்ளக்-இன் என்ற துணை மென்பொருள் விற்கும் அந்தக் கம்பெனியில், புரோகிராமின் மூல வரிகளான சோர்ஸ் கோடு திருடுபோக வழியில்லை. மாலையில் கேட்டைத் தாண்டும்போதே அந்தக் கோடிலுள்ள சொற்கள் ஊழியர்களின் நினைவிலிருந்து அழிந்துவிடும்; காலையில் உள்ளே வந்தால் திரும்பிவிடும்.

இது தெரிந்தும் மாசிலாமணி, மகள் பிறந்த பூரிப்பில், தன் புரோகிராமுக்கு அவள் பெயரையே வைத்துத் தொலைத்தான். மனைவி எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் வீட்டில் அது அவன் வாயில் நிற்கவில்லை.

மகளின் ஐந்தாவது பிறந்தநாளன்று எல்லோரும் பெயர் சொல்லிப் பாட, அவன் மட்டும் வாயசைத்தான்.

"என் பேரை நீங்க மட்டும் ஏம்ப்பா சொல்லல?" என்றாள் மகள்.

மறுநாள் ஆபீசுக்குள் நுழைந்ததும் பெயர் நினைவுக்கு வந்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டு, ஆசைதீரக் கூப்பிட்டான். கம்பெனி லைன் ரகசியச் சொல்லை வெளியே விடாது.

"லைன்ல இருக்கீங்களாப்பா?" என்றாள் அவள்.