இருபத்திரண்டு குருமார்

2024ஆம் ஆண்டு ஜூன் பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு, முத்தாபுதுப்பேட்டை மடத்தின் அடுத்த பீடாதிபதியைத் தேர்ந்தெடுக்க அறங்காவலர் குழு கூடியது. மறைந்த பெரிய சாமியின் சீடர்கள் இருவர் பீடத்துக்கு உரிமை கோரினர்.

“குருபரம்பரை தெரியாதவன் பீடத்துல ஏறலாமா?” என்று சீறிய சுத்தபோதர், பெரிய சாமிக்கு முந்தைய குருமார் இருபத்திரண்டு பேரையும் பாண்டியபோதர் முதல் பரந்தாமபோதர் வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். நித்தியபோதரோ பதினெட்டாம் பெயரில் திணறினார்.

அழைப்பிதழுக்குப் புதியவரின் பெயரைக் கேட்டுப்போக வந்திருந்த கரையான்சாவடி அச்சகத்துப் பாபு சிரித்துவிட்டார்.

“இன்னா சாமி! கும்பாபிஷேகப் பத்திரிகைல ஒரு பக்கம் காலியா கீதுன்னு பெரிய சாமி சொன்னாரு. எங்க தெரு ஆளுங்க பேரோட ‘போதர்’ சேத்து நான்தான் ரொப்பினேன்.”

குழு அரைமணி நேரம் ஆலோசித்தது. பெயர்களைப் பிழையின்றி ஒப்பித்த சுத்தபோதரே இருபத்து நான்காம் பீடாதிபதி என ஏகமனதாகத் தீர்மானித்தது. இனி மடத்து அழைப்பிதழ்களை வேறு அச்சகத்தில் அடிப்பது என்றும் முடிவாயிற்று.