மேசைமேல் இரண்டு கம்ப்யூட்டர்கள்

கடையின் நீள மேசைமேல் அண்ணன், தம்பி இருவர் வீட்டுப் பேரன்களுக்கும் இரண்டு கேமிங் கம்ப்யூட்டர்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. தம்பி வீட்டுப் பெட்டிக்குப் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே செங்கல் கனத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அண்ணன் வீட்டுப் பெட்டி வெறும் கறுப்புத் தகடு. அதற்குத் தனிக் கார்டு கிடையாது. அண்ணனான பெரியவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறார். தன் கைக்கு எட்டியதை வாங்குவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. "மிச்சத்தை நான் போடுறேண்ணே" என்று தம்பி நாலு பேர் முன்னால் இரக்கப்பட்டுவிடுவானோ என்பதுதான் பயம். அப்படிச் சொல்லிவிட்டால் நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடி வீடு போய்ச் சேராது. கம்ப்யூட்டர் பூட்டும் பெண் தகட்டுப் பெட்டிக்குள்ளும் ஒயர்களை ஒதுக்கி ஒழுங்காகக் கட்டுகிறாள். சன்னல் வெயில் அவள் திருப்புளியின் நுனியில் மின்னி மின்னி அணைகிறது. கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துத் தம்பி சிரிக்கிறான். "இது விளையாடவாம்மா, இல்ல கல்யாண வீட்டு வாசல்ல வைக்கவா? இத்தனை லைட்டு!"

"உங்க பேரன் கேட்டதுதான் சார்." அவள் இரண்டு பிளக்குகளையும் சொருகுகிறாள். "கண்ணாடிப் பெட்டியை முதல்ல போடட்டுமா?"

தம்பி அண்ணனைப் பார்க்கிறான். பெரியவரின் விரல்கள் முழங்காலை இறுக்குகின்றன.

"அண்ணன் வீட்டுது முதல்லம்மா. எங்க குடும்பத்துல எப்பவும் அப்படித்தான்."

பொத்தான் அழுந்துகிறது. தகட்டுக்குள் விசிறி மெல்ல இரைகிறது. திரை விழித்து, தம்பியின் முகத்தில் வெளிச்சம் படிகிறது. பெரியவர் பக்கத்து நாற்காலியைத் தன்னருகே இழுத்துப் போடுகிறார்.

"நின்னது போதும்டா. வந்து உக்காரு."